இடப்பக்கம் மிளகு

1 அக்டோபர், ஞாயிறு

இந்த நோட்டுக்குத் தோல் அட்டை. உள்ளே காகிதம் வெண்ணெய் நிறம். இவ்வளவு கௌரவமான நோட்டில் நான் இதுவரை எதுவும் எழுதியதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் எழுதித் தள்ளியதெல்லாம் சாணிக் காகிதத்தில்தான். அதனால் கையெழுத்து கொஞ்சம் வெட்கப்படுகிறது.

வந்த கதை: போன மாதம் பினாங்கில் ஒரு தமிழ் மன்றத்தில் பட்டிமன்றம். அணிக்கு மூன்று பேர், நான் மூன்றாவது. மூன்றாவது பேச்சாளன் என்றால், பிரியாணி வாசனை வந்து கூட்டம் எழுந்திருக்கும் நேரத்தில் மைக்கைப் பிடிக்கிறவன் என்று அர்த்தம். முடிந்ததும் மன்றத் தலைவர் எல்லோருக்கும் கைக்கடிகாரம் கட்டிவிட்டார். என்னிடம் வந்தபோது கடிகாரம் தீர்ந்துவிட்டது. மனுஷர் பதறிப்போய் உள்ளே ஓடி, தன் சொந்த அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்துவந்து கையில் திணித்தார். ஆறு நாட்டுச் சரக்கு, நாட்டுக்கு இரண்டாகப் பன்னிரண்டு சுருட்டு. "சுருட்டுன்னு சொல்லாதீங்க, சிகார்" என்றார். கூடவே இந்த நோட்டு. ஒவ்வொன்றையும் பிடித்துவிட்டு என்ன மணம், என்ன சுவை, நூற்றுக்கு எத்தனை மார்க் என்று எழுத வேண்டுமாம். தனுஷ்கோடி வாழ்க்கையில் பிறருக்கு மார்க் போட வந்த முதல் வாய்ப்பு.

என் மனைவி செண்பகம் அங்கன்வாடி டீச்சர். திண்டுக்கல் சுருட்டை நாளைக்கு நாலு என்று முப்பது வருஷம் புகைத்தவனை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டு நிறுத்தியவள். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"அதே கருமம்தானே?"

"இது ரசனை செண்பகம். புகையை உள்ள இழுக்கவே கூடாது. வாயில வச்சு அனுபவிச்சு விட்டுடணும். அப்புறம் உக்காந்து எழுதணும்."

"எழுதறதுக்காகக் குடிக்கிறீங்களா, குடிக்கிறதுக்காக எழுதறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தீர்ப்புச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை ஒண்ணு. மொட்டை மாடியில. துணி காயற பக்கம் வந்தீங்க, பெட்டி குப்பைக்குப் போயிரும்."

முதல் சுருட்டு: டொமினிக்கன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சுவைப் பட்டியல் அச்சடித்திருக்கிறது. தேவதாரு, தோல், கோகோ, ஈரமண், வறுத்த கொட்டை, மிளகு. தேவதாருவை நான் பார்த்ததில்லை, தோலைத் தின்றதில்லை. நிஜமாக மனசில் வந்தது ரேஷன் கடைச் சாக்கு. அப்படி எழுதினால் பினாங்குக்காரருக்கு மரியாதை இல்லை என்று ‘ஈரமண்’ போட்டேன். மார்க் 70. ஏன் 70 என்று யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வேன்.

8 அக்டோபர், ஞாயிறு

நிகராகுவா. இன்று வெற்றி. மிளகு!

பட்டியலில் உள்ள ஒரு சுவையை நானே, யாரும் சொல்லித்தராமல், என் சொந்த நாக்கால் கண்டுபிடித்தேன். பாதிக்கு மேல் சுர்ரென்று ஏறியது. இன்னும் துல்லியமாகச் சொன்னால், நாக்கின் இடப்பக்க ஓரம், பின்னால். நல்ல புகையிலையில் மிளகு இருக்கும் என்று நோட்டிலேயே போட்டிருக்கிறது. ரசிகனாகப் பிறந்திருக்கிறேன், ஐம்பத்தொன்பது வயதில்தான் தெரிந்திருக்கிறது. மார்க் 88.

கீழே வந்து செண்பகத்திடம் சொன்னேன். "மிளகு வேணும்னா அஞ்சறைப் பெட்டியில இருக்கே, அதுக்கு எதுக்கு நிகராகுவா வரைக்கும் போகணும்?" என்றாள். ரசனை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

15 அக்டோபர், ஞாயிறு

கியூபா. இது ராஜா ரகம் என்பதால், ஜெராக்ஸ் கடை சவரிமுத்துவைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து சேக்காளி. ஒன்றை இரண்டாக்க அரிவாள்மனையில் வைத்து நறுக்கினோம். பினாங்குக்காரர் பார்த்திருந்தால் பெட்டியைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

சவரி கண்ணை மூடி நாலு இழுப்பு இழுத்தான். "கருப்பட்டிக் காப்பி மாதிரி இருக்குப்பா. நல்லாத்தான் இருக்கு."

"மிளகு தெரியலையா?"

"மிளகா? எங்க?"

"இடப்பக்கம். நல்லாக் கவனி."

அவன் இன்னும் இரண்டு இழுத்துவிட்டு, வாயை ஒருபக்கமாகக் கோணி, "இல்லப்பா" என்றான். எனக்குப் பாவமாக இருந்தது. நாற்பது வருஷம் மெஷின் சூட்டிலும் மை வாடையிலும் கிடந்த நாக்கு அது, செத்துப்போயிருக்கும். அவன் மனசு நோகக்கூடாது என்று பேச்சை மாற்றினேன். கியூபா 91.

19 அக்டோபர், வியாழன்

ரசத்தில் செண்பகம் மிளகை அள்ளிக் கொட்டிவிட்டாள். சொன்னேன். "இன்னைக்கு வச்சது எலுமிச்சை ரசம், மிளகே போடலையே" என்கிறாள். ஞாபகமறதி வந்துவிட்டது அவளுக்கு.

22 அக்டோபர், ஞாயிறு

ஹோண்டுராஸ் பிடித்தேன், மிளகுதான், இடப்பக்கம்தான், 84. ஆனால் இன்றைக்குச் செய்தி அதுவல்ல.

நடுவர் வில்லவனார் போன் பண்ணினார். பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். டிவியில்! டிசம்பர் 17 சென்னையில் ஷூட்டிங். தலைப்பு: பண்டிகையின் சந்தோஷம் அடுப்படியிலா, டிவி முன்னாடியா? நான் டிவி அணி, மூன்றாவது ஆள். மூன்றாவதாக இருந்தால் என்ன, டிவியில் யாரும் பிரியாணிக்கு எழுந்து போக முடியாது, அவனவன் வீட்டிலேயே தட்டோடு உட்கார்ந்திருப்பான்.

முப்பது வருஷமாகக் கோயில் திடலிலும் கல்யாண மண்டபத்திலும் கத்தியதற்கு இப்போதுதான் கூலி. சட்டை தைக்க வேண்டும். வெளிர் நீலம்.

29 அக்டோபர், ஞாயிறு

கண்ணாடி முன்னால் ஒத்திகை. வேகமாகப் பேசினால் நாக்கு ஓரம் கடைவாய்ப் பல்லில் உரசிக் கடுக்கிறது. பல் கூராக இருக்கிறது போல. வாயைத் திறந்து பார்த்தேன். சும்மா ஒரு வெள்ளைத் தடம், நிலக்கடலைப் பருப்பு அளவு. பல் உரசினால் அப்படித்தான் ஆகும்.

வரும் வழியில் மணத்தக்காளிக் கீரை இரண்டு கட்டு வாங்கிவந்து, தேங்காய்ப் பால் ஊற்றி வைக்கச் சொன்னேன். "வாய்ப்புண்ணா?" என்றாள் செண்பகம். "வயிறு சரியில்லை" என்றேன்.

பிரேசில். மிளகு. 80.

5 நவம்பர், ஞாயிறு

மெக்சிகோ. இதிலும் மிளகு. உலகத்துப் புகையிலை எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று ஒரு கொள்கையே உருவாக்கி, பினாங்குத் தலைவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில்: "ஐயா, மெக்சிகோ ரொம்ப சாதுவான ரகமாச்சே. புதுசாப் பழகறவங்களுக்கு அதைத்தான் கொடுப்போம். மிளகு இருக்க வாய்ப்பே இல்லையே."

பணக்காரர்கள் வாங்கத்தான் செய்வார்கள். ருசிக்கத் தெரியாது.

இந்த வாரமும் மணத்தக்காளி. கீரைக்காரம்மா நான் வரும்போதே கட்டை எடுத்து நீட்டுகிறார்.

12 நவம்பர், ஞாயிறு, தீபாவளி

முறுக்கு கடிக்கவில்லை. மிக்சர் தொடவில்லை. தீபாவளி லேகியம் வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெடிப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அதிரசத்தைப் பாலில் ஊறவைத்துத் தின்றேன். "பல்லு போன கிழவனாட்டம் என்னங்க இது?" என்றாள். "இது ஒரு முறை, பினாங்குல இப்படித்தான் சாப்பிடுவாங்க" என்று அளந்துவிட்டேன்.

சாயங்காலம் இரண்டாவது டொமினிக்கன். அக்டோபரில் வெறும் ஈரமண்ணாக இருந்தது இன்று மிளகாகிவிட்டது. பெட்டிக்குள் கிடந்து முற்றியிருக்கும். பாதியில் அணைத்தேன். மார்க் போடவில்லை.

19 நவம்பர், ஞாயிறு

மழை. சுருட்டு இல்லை. மழை நாலு மணிக்கே விட்டுவிட்டது. இருந்தாலும் மாடி ஈரமாக இருந்தது.

26 நவம்பர், ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

மத்தியானம் நோட்டைத் தேடினால் காணோம். கூடத்தில் செண்பகம் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மடியில் நோட்டு. மாதக் கடைசியில் அங்கன்வாடிப் பிள்ளைகளின் எடைப் பதிவேட்டை இப்படித்தான் வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளை இளைக்கிறது என்று விரலை மேலிருந்து கீழே ஓட்டுவாள். அந்த விரல் இப்போது என் மிளகின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்தவங்க எழுதினதைப் படிக்கிறது நாகரிகம் இல்லை" என்றேன்.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"ஏழு சுருட்டு குடிச்சிருக்கீங்க. ஆறுல மிளகு. நாடு மாறுது, மார்க்கு மாறுது, மிளகு மட்டும் மாறலை. அதுவும் இடப்பக்கமே. ஏங்க, சுருட்டுக்கு இடப்பக்கம் வலப்பக்கம் தெரியுமா? சவரி அண்ணனுக்கு இல்லாத மிளகு உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு? நான் போடாத மிளகு ரசத்துல எப்படி வந்துச்சு?"

எதிரணியின் வாதத்தைப் பொடிப்பொடியாக்குகிறவன் என்று நோட்டீசில் என் பெயருக்கு முன்னால் போடுவார்கள். "பல்லு உரசுது" என்று மட்டும் சொன்னேன்.

"வாயைத் திறங்க."

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. டார்ச்சை அணைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு, "வயித்துக்குன்னு சொல்லி அத்தனை கட்டுக் கீரை வாங்கியிருக்கீங்க" என்றாள்.

அப்புறம் எழுந்துபோய், பெட்டியில் மிச்சமிருந்த ஐந்து சுருட்டையும் ஒவ்வொன்றாக ஒடித்து வாளித் தண்ணீரில் போட்டாள். நான் தடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இதை இப்போதுதான் எழுதுகிறேன்.

27 நவம்பர், திங்கள்

பல் டாக்டர் மெஹருன்னிஸா. சின்னப் பெண், எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயது. "எவ்வளவு நாளா சார் இருக்கு?" என்று கேட்டார். "ஒரு வாரமா" என்றேன். பக்கத்திலிருந்து செண்பகம் இந்த நோட்டை மேஜை மேல் வைத்தாள்.

டாக்டர் முதல் பக்கத்திலிருந்து படித்தார். ரேஷன் கடைச் சாக்கு வந்த இடத்தில் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிக்கவில்லை. "இவ்வளவு சுத்தமா தேதி போட்டு எந்தப் பேஷண்ட்டும் எனக்குச் சொன்னதில்லை சார்" என்றார். முப்பது வருஷத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு. மதுரை ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம்.

30 நவம்பர், வியாழன்

எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசிதான் வலித்தது. பத்து நாளில் ரிசல்ட்.

பஸ்ஸில் செண்பகம் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள். கல்யாணமான இந்த முப்பத்தோரு வருஷத்தில் அது நடந்ததில்லை. அதிலேயே ரிசல்ட் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

9 டிசம்பர், சனி

கேன்சர்.

எழுதிப் பார்த்தேன். எழுதினால் சின்ன வார்த்தைதான்.

ஆரம்பநிலை என்கிறார் சர்ஜன். நாக்கின் இடப்பக்க ஓரத்தை எடுக்க வேண்டும், கழுத்திலும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பேச்சு வரும், ஆனால் பழைய பேச்சு வராது. தள்ளிப்போடக் கூடாது. 14ஆம் தேதி இடம் இருக்கிறது, அதை விட்டால் ஜனவரிதான்.

ஷூட்டிங் 17.

10 டிசம்பர், ஞாயிறு

இன்று வீட்டில் பட்டிமன்றம். தலைப்பு: ஆபரேஷன் முதலிலா, டிவி முதலிலா? ஒரு அணியில் நான். மறு அணியில் செண்பகம், வெங்காயம் உரித்துக்கொண்டு.

எழுந்து நின்றே பேசினேன். முதல் கருத்து: கட்டி சின்னது, ஒரு மாதத்தில் ஓடிப்போய்விடாது. இரண்டாவது: இந்த ஒரு அழைப்புக்காக எத்தனை மேடையில் கடைசி ஆளாக நின்றிருக்கிறேன். மூன்றாவது: அறுத்த பிறகு என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஒரே ஒரு தடவை, முழு நாக்கோடு, ஊரே கேட்கிற மாதிரி பேசிவிட்டு வந்து படுத்துக்கொள்கிறேன். மூன்றாவது கருத்தை உட்கார்ந்துதான் முடித்தேன். நடிப்பில்லை.

"பேசி முடிச்சாச்சா?"

"ஆச்சு."

"எனக்கு உங்களை மாதிரி ஒண்ணு ரெண்டுன்னு பேசத் தெரியாது" என்றாள். கண்ணைத் துடைத்தாள், வெங்காயமாகவும் இருக்கலாம். "பொங்கலன்னைக்கு நீங்க டிவியில வருவீங்க. நீங்க இல்லாத வீட்டுல நான் தனியா உக்காந்து பாக்கணுமா? அதைச் சொல்லுங்க."

இப்படி ஒரு தோல்வியை நான் எந்த மேடையிலும் அடைந்ததில்லை. வில்லவனாருக்குப் போன் போட்டேன். முதலில் பல் வலி என்று சொன்னேன். "பல்லுக்காகவா டிவியை விடறீங்க?" என்றார். உண்மையைச் சொன்னேன். "முதல்ல உடம்பைப் பாருங்க" என்றார். எனக்குப் பதிலாகக் கோதைநாயகி டீச்சரைப் போடுகிறாராம். என் குறிப்புகளை அவருக்கு அனுப்ப முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அனுப்பினேன். என் தலைசிறந்த ஜோக்கை மட்டும் அடித்துவிட்டு அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்து வெட்கமாக இருந்தது, அதையும் அனுப்பினேன்.

13 டிசம்பர், புதன், மதுரை, ஆஸ்பத்திரி

மத்தியானம். செண்பகம் மருந்து வாங்கப் போயிருக்கிறாள். நாளை காலை எட்டு மணிக்கு.

செண்பகம், இந்த நோட்டை நீ படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். மிளகு அக்டோபர் எட்டில் ஆரம்பிக்கவில்லை. பினாங்கு மேடையில் பேசி முடித்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன், அப்போதே எரிந்தது. பச்சைத் தண்ணீர். அப்புறம்தான் அந்த மனுஷர் பெட்டியைக் கொடுத்தார். பெட்டியைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. இப்போது தெரிகிறது. எரிவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சுருட்டுப் பிடித்தால் எரியத்தானே செய்யும்? மற்ற ஆறு நாளும் ஏன் எரிகிறது என்று யோசிக்காமல் இருக்க, உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் டொமினிக்கனிலும் மிளகுதான். ஈரமண் பொய்.

உன்னை ஏமாற்றினேன் என்று சொல்ல மாட்டேன். என்னை ஏமாற்றிக்கொண்டேன், நீ பக்கத்தில் இருந்துவிட்டாய்.

14 டிசம்பர், வியாழன் (செண்பகம் எழுதுகிறேன்)

காலை 8.10 உள்ளே. மதியம் 1.40 வெளியே. 3.25க்குக் கண் திறந்தார். கையைப் பிடித்தார். இரத்த அழுத்தம் சரி. மூக்கில் குழாய்.

நேற்று எழுதினதைப் படித்தேன். பினாங்கிலிருந்து வந்த அன்றைக்கே தட்டில் ஊறுகாயை ஒதுக்கி வைத்தீர்கள். பார்த்தேன். ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காத ஆள். கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. எனக்கும் பயம்தான்.

20 டிசம்பர், புதன்

குழாய் வழியே கஞ்சி, பால், ஜூஸ். எதற்கும் மார்க் போட முடியாது, எல்லாம் மூக்கு வழியாகப் போகிறது. பேசக்கூடாது. அங்கன்வாடி சிலேட்டு ஒன்று கொடுத்திருக்கிறாள். ‘தண்ணி’ என்று எழுதிக் காட்டினால், "கையெழுத்து இன்னும் குண்டா வரணும்" என்கிறாள். மூன்று வயதுப் பிள்ளைகளோடு என்னைச் சேர்த்துவிட்டாள்.

29 டிசம்பர், வெள்ளி

வெட்டிய இடத்து ஓரமெல்லாம் சுத்தம். கழுத்திலும் ஒன்றுமில்லை. மாதாமாதம் வந்து காட்ட வேண்டும். குழாயை எடுத்துவிட்டார்கள். செண்பகம் ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அதுவரை ஒரு தடவைகூட அழவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன்.

15 ஜனவரி, திங்கள், பொங்கல்

பத்து மணிக்குப் பட்டிமன்றம். எனக்குக் குழைந்த பொங்கல், செண்பகத்துக்குக் கரும்பு. சவரியும் வந்திருந்தான், நான் பொறாமையில் டிவியை உடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள.

கோதைநாயகி டீச்சர் நன்றாகவே பேசினார். என்னைவிட நன்றாக, இந்த நோட்டில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் என் ஜோக்கை எடுத்தார். பண்டிகை நாளில் புருஷன் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, "ஏதாவது உதவி பண்ணட்டுமா?" என்று கேட்கிறான். பெண்டாட்டி சொல்கிறாள்: "பண்ணுங்க, வெளிய போங்க." அரங்கமே கைதட்டியது. சவரி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது.

செண்பகம் சிரிக்கவில்லை. சவரி போனதும் டிவியை அணைத்தாள். கரும்புச் சக்கையைத் தட்டில் போட்டுவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஜோக்கை நீங்க சொல்லுங்க."

தலையை ஆட்டி மறுத்தேன். பேச்சுப் பயிற்சிக்காரப் பெண்ணிடம் ஆ, ஊ சொல்வதோடு சரி, முழுசாக ஒரு வாக்கியம் யாரிடமும் பேசவில்லை. எச்சில் வழிகிறது. சிலேட்டை எடுத்தேன். அதைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

சொன்னேன். அடுப்படி வேறு ஏதோ படியாக வந்தது. உதவி பாதியில் வழுக்கியது. கடைசி வரி ஒரே கொழகொழ.

"என்னது? புரியலை. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

மெதுவாகச் சொன்னேன்.

"சரியாக் காதுல விழலைங்க. இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை கோபத்தில் கத்தியே சொன்னேன். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். முதல் தடவையே எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

முப்பது வருஷமாக நான் பேசும்போதெல்லாம் நேரமாகிவிட்டது என்று மணி அடித்து உட்காரவைத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை சொல்லு என்று யாரும் கேட்டதில்லை.

"என்னது?" என்றாள் மறுபடியும்.

வாயைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்று, நாலாவது தடவை சொன்னேன்.